ஸ்ட்ராட் மியூசியம், ஆம்ஸ்டர்டாம்: கழுத்து வலிக்கப் பார்க்கலாம்

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனின் பின்வாசலில் இறங்கினால் என்.டி.எஸ்.எம். என்ற இடத்துக்குப் போகும் படகு நிற்கும். டிக்கெட் கிடையாது, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கே இருக்கும் ஸ்ட்ராட் என்ற தெரு ஓவிய மியூசியத்துக்குள் நுழையத்தான் காசு. கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம்.

இடமே ஒரு கதை. 1984இல் திவாலான கப்பல் கட்டும் தளம் இது. கம்பெனி போனபின் காலிக் கொட்டகைகளில் ஓவியர்களும் கைவினைக்காரர்களும் குடியேறினார்கள். கப்பலுக்கு வெல்டிங் செய்த கூடத்தில்தான் 2020 அக்டோபரில் மியூசியம் திறந்தது. பரப்பு சுமார் 8,000 சதுர மீட்டர். வெளிச்சுவரில் பிரேசில்காரர் எடுவார்டோ கோப்ரா 2016இல் வரைந்த ஆன் ஃபிராங்க் முகம் பளீரென்று நிற்கிறது. டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்.

கூட வந்த நண்பனின் அப்பா மதுரைப் பக்கம் சுவர் விளம்பரம் எழுதியவர். பள்ளி லீவில் சுவரில் நூல் அடிக்க ஒரு முனையைப் பிடித்து வளர்ந்தவன் இவன். அதனால் படத்தைப் பார்ப்பதற்கு முன் வரைந்த விதத்தைத் தேடினான். "டேய், இவ்வளவு பெரிசு. கட்டம் போட்ட தடமே இல்லையேடா?"

சின்னப் படத்தைச் சுவரில் பெரிதாக்க இப்போது பலர் கட்டம் போடுவதில்லை. பரப்பு முழுக்க எழுத்து, சுழி என்று கண்டபடி கிறுக்கிவிட்டு, அதைப் போட்டோ எடுத்து, போனில் அதன்மேல் தங்கள் ஸ்கெட்சை வைத்துப் பார்ப்பார்கள். மூக்கு நுனி எந்தச் சுழியின் பக்கத்தில் வருகிறதோ அங்கே ஸ்ப்ரே. வேலை முடிந்ததும் கிறுக்கல் எல்லாம் பெயின்டுக்கு அடியில் போய்விடும். இதைச் சொன்னதும் அவனுக்குத் தாங்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லணும், நூலும் வேண்டாம், சாக்பீஸும் வேண்டாம்!"

பல படங்கள் ஒரு வீட்டு உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் போட்டோ. பக்கத்தில் போனால் முகம் காணாமல் போய், வெறும் பெயின்ட் தூசிப் புள்ளிகள். டப்பாவை ஒட்டிப் பிடித்த இடத்தில் கோடு கூர்மையாக இருக்கிறது, தள்ளிப் பிடித்த இடத்தில் புகைபோல் கலைகிறது. முதலில் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் பின்னால் நகருங்கள். பக்கத்துக் குறிப்புகளை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

தெருவில் இல்லாதது எப்படித் தெரு ஓவியம் என்று எங்களுக்குள் வாக்குவாதம். "வெயில் படல, மேல எவனும் போஸ்டர் ஒட்டல. இது சுவரே இல்லடா" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவரைப் பெயர்த்து எடுத்து ஏலம் விடும் கூத்தும் உலகத்தில் நடக்கிறது. இங்கே பெரும்பாலும் ஓவியர்களே வந்து, இந்தக் கூடத்திலேயே கான்வாஸைக் கட்டி, இங்கேயே வரைந்திருக்கிறார்கள். எந்தத் தெருவிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. அவன் ஒத்துக்கொள்ளவில்லை, சரி.

முகம் காட்டாத தெரு ஓவியர் பாங்க்ஸியைத் தேடிப் போகிறவர்களுக்கு மியூசியம்பிளைன் சதுக்கத்தில் இருக்கும் மோகோ மியூசியம்தான் சரி. ஸ்ட்ராட்டுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், ஓடியாட இடம் இருக்கிறது. ஐ-ஹாலன் என்ற பெரிய பழைய சாமான் சந்தையும் சில வாரக்கடைசிகளில் இதே தளத்தில்தான் கூடும். அந்த வாரக்கடைசியாகப் பார்த்துப் போனால் ஒரே படகில் இரண்டு வேலை முடியும், ஆனால் படகில் கூட்டம் நெரியும்.