ஏற்காடு ஜோடி மலை ஓட்டம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடந்த டிசம்பரில் ஏற்காட்டில் நடந்த 30 கிலோமீட்டர் ஜோடி மலை ஓட்டத்துக்குத் தலைக்கு 1,800 வீதம் 3,600 ரூபாய் கட்டி நாங்கள் இருவரும் ஓடினோம். அதே அமைப்பாளர் இந்தக் குளிர்காலத்துக்கும் போஸ்டர் விட்டிருக்கிறார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. பெயர் போடவில்லை; போஸ்டரைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

சேற்றைப் பற்றி எங்களுக்குப் புகாரே கிடையாது. வடகிழக்குப் பருவமழையின் கடைசியில் சேர்வராயன் மலைச் செம்மண்ணில் ஓடப் போகிறவர்கள் சேற்றுக்காகத்தான் போகிறோம். ஆனால் என்ன கேட்டாலும் "மழைங்க, சேறுங்க" என்றே பதில் வந்தது. கீழே வருகிற எதற்கும் மழை பொறுப்பில்லை.

போஸ்டரில் "30 கி.மீ., 1500 மீட்டர் ஏற்றம்" என்று இருந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த எண்ணை எடுத்து ஏற்றம் என்று போட்டிருக்கிறார்கள். ஏற்றம் என்பது வழியில் ஏறுகிற ஒவ்வொரு மேட்டையும் கூட்டினால் வருவது. அடிவாரத்திலிருந்து மேலே ஓடினால் ஆயிரத்தைத் தாண்டும். ஏரிப் பக்கம் தொடங்கி மலைமேலேயே சுற்றிவிட்டு வந்தால் வராது. எங்கள் இரண்டு வாட்சிலும் பதிவானது 23.8, 24.1 கிலோமீட்டர்; ஏற்றம் 640 மீட்டர். மரக்கூட்டத்துக்குள் ஜிபிஎஸ் கொஞ்சம் தடுமாறும், அரை கிலோமீட்டர், மிஞ்சினால் ஒன்று. ஆறு கிலோமீட்டர் தொலையாது. பணம் கட்டும் முன் பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது வாட்சிலோ போனிலோ ஏற்றிப் பார்க்கிற பாதைப் பதிவைக் கேளுங்கள். "ரூட் சர்ப்ரைஸ்" என்று பதில் வந்தால் பாதை இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

அந்த ஆறு கிலோமீட்டர் எங்கே போனது? ஒரு காப்பித் தோட்டத்தின் கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் திறக்க மறுத்தார். தப்பு அவர் மேல் இல்லை: நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம், செடி நிறையப் பழம் இருக்கும்போது நூறு பேரை உள்ளே ஓடவிட எந்தத் தோட்டக்காரரும் யோசிப்பார். அமைப்பாளர் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார், கடிதம் வாங்கவில்லை. காப்புக்காடு வழியாகப் பாதை போனால் வனத்துறை அனுமதியும் வேண்டும். 2018 குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு இந்த விதிகள் இறுகிவிட்டன. இரண்டின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே கையில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

வழிக்குறி இன்னொரு கூத்து. முந்தின நாள் சாயங்காலம் சுண்ணாம்புப் பொடியில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ராத்திரி மழை. விடியலில் அம்பும் இல்லை, பொடியும் இல்லை. கட்டிய ரிப்பனோ பச்சை நிறம், காப்பிச் செடியில், இடுப்பளவு உயரத்தில்! பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. தோட்டத்துக்குள் பறிக்கிறவர்கள் போகும் ஒற்றையடித் தடம் இருபது முப்பதடிக்கு ஒன்று பிரியும். அங்கே சிவப்பு-வெள்ளை டேப் வேண்டும், கண் உயரத்தில், சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருக்க வேண்டும். பிரிகிற இடத்தில் சரியான வழியில் மூன்று டேப், தப்பான வழியின் குறுக்கே ஒன்று. விடியலில் ஓட்டக்காரர்களுக்கு முன்னால் ஒரு ஆள் பாதையை ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

எங்களுக்கு அதிகக் கோபம் வந்தது தண்ணீர் மேசையில்தான். 20 லிட்டர் கேன், பக்கத்தில் கிழித்துப் போட்ட ஓஆர்எஸ் உறைகள். எண்ணினோம், நான்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. அந்தக் கேனுக்கு இருபது போட்டிருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு உப்போடு நான்கு மணி நேரம் வயிறு நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்: தலைவலி, வாந்தி, பிறகு குழப்பமான பேச்சு. இதைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து இன்னும் குடிக்கக் கொடுப்பார்கள், அது இன்னும் மோசம். சரியாகக் கலந்த ஓஆர்எஸ் கண்ணீர் அளவுக்குக் கரிக்கும். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தால் நம்பாதீர்கள். 200 மில்லிக்கான சிறு பொட்டலம் மருந்துக் கடையில் கிடைக்கும்; ஆளுக்கு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பொட்டலத்தின் விலை ஒரு ஜோடி கட்டிய பணத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராது என்பதுதான் எரிச்சல்.

ஜோடி ஓட்டத்தில் விதி கறார்: இருவரும் சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தொட வேண்டும், ஒருவர் நின்றால் மற்றவரும் அவுட். இப்படி விதி போடுகிறவர் நின்றுபோன ஜோடியை வெளியே கொண்டுவர வழி வைத்திருக்க வேண்டும். 17ஆவது கிலோமீட்டர் இறக்கத்தில் ஒருவர் கணுக்கால் பிசகியது. வழியில் நிறுத்தியிருந்த மார்ஷலிடம் வாக்கி-டாக்கி இல்லை, அந்தப் பள்ளத்தில் செல்போன் சிக்னலும் இல்லை. ஆம்புலன்ஸ் ஒன்று இருந்தது, தொடங்குமிடத்தில். வேன் அது, சேற்றுத் தடத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் ஏறும். தார்ச்சாலை வரை மூன்று கிலோமீட்டர் நொண்டி நடக்க வேண்டியதாயிற்று. விடியலில் 13, 14 டிகிரி, நனைந்த சட்டை, காற்று. ஓடுகிறவரைக்கும் தெரியாது, நின்ற பத்தாவது நிமிடம் பல் தந்தியடிக்கும். சேலத்து வெயிலில் பயிற்சி எடுத்தவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மெல்லிய மழைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், துணைக்கும் ஒன்று.

"கட்டாயப் பொருள்" என்று கவுன்டரில் விற்ற விசில் உள்ளே குண்டு வைத்தது. குண்டுக்குள் சேறு போனால் சத்தமே வராது. குண்டில்லாத விசில்தான் வாங்க வேண்டும். ஷூ விஷயத்தில் அமைப்பாளர்மேல் பழி போட முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்: அடிப்பாகத்தில் 5, 6 மில்லிமீட்டர் பல், பல்லுக்குப் பல் நல்ல இடைவெளி. நெருக்கமான பல்லில் செம்மண் அப்பிக்கொண்டு தட்டினாலும் உதிராது. மாற்றுத்துணியைத் தடித்த பாலிதீன் கவரில் கட்டி வையுங்கள். எங்கள் பைகள் தார்ப்பாய்கூட இல்லாமல் புல்தரையில் கிடந்தன.

ஓடுகிறவர் மிதித்துப் போகும்போது சிப்பைப் படித்து நேரம் பதிகிற டைமிங் மேட் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும். நடுவில் குறுக்கு வழியில் வந்த ஜோடிகளுக்கும் பதக்கம். பிப்பில் (சட்டையில் குத்துகிற எண் அட்டையில்) ஒட்டிய சிப் ஈர உடம்போடு ஒட்டிக்கிடந்தால் மேட் அதைப் படிக்காமல் விடலாம். அதற்காகவே செக்பாயின்டில் பிப் எண்ணையும் நேரத்தையும் கையால் எழுதும் நோட்டு வேண்டும். அங்கே நோட்டே இல்லை.

பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு: போஸ்டர், விதிகள், கட்டணப் பக்கம் எல்லாவற்றையும் பதியும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; ஓட்டம் முடிந்த வாரம் எங்கள் அமைப்பாளரின் பக்கத்தில் 30 என்பது "25 முதல் 30" ஆகிவிட்டது. யுபிஐ தனிநபர் பெயருக்குப் போனால், ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது.

1915இல் புகார் பதிந்த மூன்றாவது வாரம் அமைப்பாளரிடமிருந்து பதில் வந்தது: அடுத்த ஓட்டத்துக்கு 50 சதவீதம் தள்ளுபடிக் கூப்பன். வேண்டாம், 3,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதியிருக்கிறோம்.