மேமோகிராமில் சிஏடி குறிகள்: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிய வந்தவை

மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படத்தில் புற்றுநோய்ச் சந்தேகமுள்ள இடங்களைக் கணினியே தேடிக் குறி போடும் சாப்ட்வேர்தான் சிஏடி. கால்சியம் துகள்களைத் தேடித் தருவதில் அது கெட்டி. திசு இழுபட்டுச் சுருங்கும் டிஸ்டார்ஷனில் அதை நம்பி உட்கார முடியாது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள்கூட சுற்றுத் திசுவைவிடப் பளிச்சென்று, கொத்தாக நிற்பதால் கணக்கில் சிக்கிவிடும். டிஸ்டார்ஷனிலோ பல நேரம் நடுவில் கட்டி என்று ஒன்றுமே இருக்காது. மெல்லிய கோடுகள் ஒரு புள்ளியை நோக்கி ஓடும், அவ்வளவுதான்.

மார்பகத்துக்கு இரண்டாக எடுக்கும் வழக்கமான நான்கு படங்களும் இயல்பாக இருந்தாலும் பழைய தலைமுறை சாப்ட்வேர் ஓரிரு குறி போட்டுவிடும். அடிக்கடி மாட்டுவது ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கால்சியம். பெரிதாக்கினால் ரயில் தண்டவாளம்போல இரண்டு இணைகோடுகள் வளைந்து ஓடும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் துண்டாகப் படிந்திருந்தால்தான் குழப்பம்; அப்போது குழாயின் போக்கை இரு பக்கமும் தொடர்ந்து பார்க்க வேண்டும். அக்குளில் பூசிய டியோடரண்டும் துகள்கொத்தாகத் தெரியும். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தால் மறையும். தோல் மடிப்புக்குக் கட்டி என்ற குறி விழும். வெவ்வேறு ஆட்களின் படங்களில் அச்சாக ஒரே இடத்தில் குறி வந்தால், எக்ஸ்ரேயைப் படமாக்கும் டிடெக்டரைச் சந்தேகியுங்கள்.

பார்க்கும் வரிசைதான் உயிர்நாடி. குறிகளை அணைத்துவிட்டு முழுப் படங்களையும், பழைய படங்களோடு ஒப்பிட்டு, முதலில் பார்க்க வேண்டும். சந்தேகங்களைப் பதிந்த பிறகே குறிகளைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கண் குறியிலேயே நின்றுவிடும். சாப்ட்வேர் குறிக்கவில்லை என்பதற்காக, நாம் கண்ட சந்தேகத்தைக் கைவிடவே கூடாது. அமெரிக்காவில் 43 மையங்களின் பதிவுகளை அலசி 2007-இல் வந்த ஆய்வில், சிஏடி வந்தபின் பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது) ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. மொத்தத் துல்லியமோ குறைந்தது. ஒவ்வொரு தேவையற்ற குறிக்கும் பின்னால் பதறிப்போய்க் காத்திருக்கும் ஒரு பெண் இருக்கிறார்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். பல சாப்ட்வேர்களுக்கு டிடெக்டரின் மூலப் படம் தேவை. மானிட்டருக்காக மெருகேற்றிய படம் போனால் பகுப்பாய்வே ஓடாது. திரையில் தெரிவது என்னவோ ஒன்றுதான்: குறி எதுவும் இல்லை. எனவே சிஏடியின் முடிவுக் கோப்பு வந்து சேர்ந்ததா, நான்கு படங்களும் அதில் உண்டா என்று ஒவ்வொரு கேஸிலும் பாருங்கள். மெஷினிலோ சர்வரிலோ அப்டேட் போட்ட மறுநாள் காலையில், ஏற்கெனவே குறி விழுந்த பழைய கேஸ் ஒன்றை மறுபடி அனுப்பிச் சோதித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.