வீவக அறையில் பாடிய குரலுக்கு ரிவெர்பா, டிலேயா?

வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்யும் நம்மவர்களில் பலருக்குக் குரல் வறட்டென்று இருந்தால் கை நேராக ரிவெர்புக்குத்தான் போகும். "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரிவெர்ப் ஏத்துங்கண்ணே" என்று ஹெட்ஃபோனைக் கழற்றாமலேயே கேட்பார்கள். என் கட்சி வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பதிவான தமிழ்க் குரலுக்கு முதலில் டிலே, அதாவது பாடியதைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் எதிரொலி. அது போதாவிட்டால்தான் ரிவெர்ப்.

ரிவெர்ப் என்பது எண்ணற்ற எதிரொலிகள் பிரித்தறிய முடியாதபடி கலந்து மெல்லத் தேய்வது. ஒலி 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்பதே அதன் அளவு. 2002இல் திறந்த சிங்கப்பூர் எஸ்பிளனேட் இசையரங்கில் தனி முழக்க அறைகளே உண்டு. அவற்றின் கதவுகளைத் திறந்தும் மூடியும் முழக்கத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பதிவு மென்பொருளோடு சேர்க்கும் பிளக்இன்னில் 'ஹால்' என்று தட்டும்போது நாம் ஆசைப்படுவது அதற்குத்தான். ஆனால் மைக்கில் ஏறியிருப்பது நம் படுக்கையறை. ரிவெர்ப் அதை மறைக்காது, பெரிதாக்கும். விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளியே கூவிய குயிலும் சேர்ந்து கச்சேரி செய்யும்.

சிலர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கான்கிரீட் பதுங்கறையான பாம் ஷெல்டருக்குள் போய்ப் பாடுகிறார்கள். தடித்த சுவர், வெளிச்சத்தம் குறையும், உண்மைதான். உள்ளே நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்: எதிரெதிர் கான்கிரீட் சுவர்களுக்கிடையே 'டர்ர்ர்' என்று ஓர் அதிர்வு ஓடும். அதன்மேல் நீண்ட ரிவெர்ப் போட்டால் குரல் தகரடப்பாவுக்குள்ளிருந்து வரும். மெத்தையையும் போர்வையையும் சுற்றிக் கட்டாமல் அங்கே பாட வேண்டாம்.

டிலே சொன்னதைத் திருப்பிச் சொல்லும், இடையில் வெளி விடும். தமிழுக்கு அந்த வெளி முக்கியம். ட்ட, க்க, ப்ப வரும் இடங்களில் வாய் கணநேரம் அடைபடுகிறது. அந்தச் சின்ன மௌனத்தில்தான் சொல் துலங்குகிறது. இரண்டு விநாடி ரிவெர்ப் அதை நிரப்பிவிடும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கும் இதே கதி. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆட்டிப் பாடும்போது முந்தைய அசைவின் வால் அடுத்ததோடு மோதிக் குழம்புகிறது. 100 மில்லிவிநாடி அளவில், ஒரே ஒரு முறை திரும்பும் டிலேயை மெலிதாக வைத்தால் குரல் தடிக்கும், கமகம் கெடாது. 30 மில்லிவிநாடிக்குக் கீழே போனால் காது அதை எதிரொலியாகவே எடுத்துக்கொள்ளாது. மூலக் குரலோடு கலந்து குழாய்க்குள் பாடியதுபோல் ஆகலாம்.

டிலேயின் வம்பு தாளத்தில். 60,000ஐ பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) எண்ணால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிவிநாடியில் கிடைக்கும். 90 பிபிஎம் என்றால் சுமார் 667, அதில் பாதி 333. ஆதி தாளத்தில் இரண்டும் உட்காரும். ஏழு அலகு கொண்ட மிஸ்ர சாபுவில் கவனம் தேவை. ஏழை இரண்டாலும் மீதியின்றி வகுக்க முடியாது, மூன்றாலும் முடியாது. தொடர்ந்து திரும்பும் டிலே ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் வேறு இடத்தில் விழுந்து பாடகரைத் தள்ளாட வைக்கும். ஏழில் ஓர் அலகின் அளவுக்கு வைத்துவிடுவதே பத்திரம்.

ரிவெர்ப் அப்பட்டமாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. விருத்தம், ஆலாபனை, புல்லாங்குழல், கோரஸ். தாளக்கட்டு இல்லாத விருத்தத்தில் டிலே வெறும் தொந்தரவு. அங்கே நான் எடுப்பது பிளேட் ரகம். 1957இல் ஜெர்மனியின் இஎம்டி 140இல் ஒரு பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைத்தார்கள். எடை கால் டன்னுக்கும் மேல், எந்த வீவக லிஃப்டிலும் ஏற்ற மனம் வராது. அதன் மென்பொருள் வடிவத்தில் ப்ரீ-டிலேயை, அதாவது முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளியை, 30, 40 மில்லிவிநாடிக்கு ஏற்றுங்கள். வார்த்தை முதலில் வரும், முழக்கம் பின்னால் வரும். ரிவெர்புக்குள் போகும் குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாதிக் கலங்கல் தெளியும்.

மிருதங்கத்துக்கு இரண்டுமே வேண்டாம். மிஞ்சிப்போனால் குட்டி 'ரூம்' ரிவெர்ப்.

இரண்டையும் சேர்ப்பது ஒன்றும் குற்றமில்லை. 1974இல் வந்த ரோலண்ட் ஆர்இ-201 பெட்டியிலேயே டேப் எதிரொலியும் (அதுவும் ஒரு டிலேதான்) சுருள்வில்லை அதிரவைக்கும் ஸ்பிரிங் ரிவெர்பும் ஒன்றாக இருந்தன. டிலேயை மட்டும் ரிவெர்புக்குள் கொஞ்சம் அனுப்பி, குரலை நேராக விட்டுப் பாருங்கள். தனித்தனியாகப் போடுவதைவிடச் சுத்தமாக இருக்கும். பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்குமுன் கைப்பேசியின் மோனோ ஒலியில் (இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி) ஒருமுறை ஓட்டுங்கள். இடம் வலமாகத் தாவும் பிங்-பாங் டிலே அங்கே ஒரே இடத்தில் குவிந்து வரிகளின் மேல் ஏறும். ஏறினால் டிலேயை மூன்று டெசிபல் இறக்குங்கள்.