ஆமைப் படம் வருவதற்கு முன்பே ஆமையாகிவிடும் வண்டி

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு என் மச்சினன் வாரம் இரண்டு முறை போன் செய்கிறான். "மாமா, சின்ன பெட்ரோல் வண்டிக்கெல்லாம் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆயிடுச்சே, இன்னும் எலக்ட்ரிக்தான் எடுக்கணுமா? உங்க வண்டி பிக்கப் எப்படி?" எலக்ட்ரிக் காரை மூன்று வருடம், 47,000 கிலோமீட்டர் ஓட்டியவனிடம் இதை ஒரே வரியில் கேட்டால் என்ன சொல்வது? அதிலும் அவன் கேட்டது தப்பான வாரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் என் பழைய பெட்ரோல் கார் படுத்திய பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேர், பெட்டிகள், ஏசியை அணைத்துவிட்டு, முதல் கியருக்கு இறக்கி, பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிக்க அடிக்க ஏறும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். மின்சார மோட்டார் மூச்சு விடுவதில்லையே! காலை வைத்தவுடன், வண்டி நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையும் வந்துவிடுகிறது, கியர் மாற்றும் வேலையும் கிடையாது. முதல் தடவை அந்த வளைவில் ஏசி ஓட ஓட ஏறியபோது பின் சீட்டில் அம்மா, "இறக்கத்துல போறமாடா?" என்று கேட்டார்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

போன வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவிநாசி பக்கம் வரும்போது சார்ஜ் 18 சதவீதம். வீட்டுக்குத் தாராளமாகப் போதும். முன்னால் 60-ல் ஒரு லாரி. கண்ணாடியில் பார்த்தால் வலது லேனில் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது, வழக்கமாக இந்த இடைவெளியில் கண்ணை மூடிக்கொண்டு நுழைவேன். ஸ்போர்ட் மோடில் போட்டு மிதித்தேன். வண்டி, தூக்கத்திலிருந்து எழுப்பிய பையன் மாதிரி, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நகர்ந்தது. பஸ்காரர் லைட் போட்டுக்கொண்டே பம்பருக்கு வந்துவிட்டார். மனைவி அடுத்த பத்து கிலோமீட்டருக்கு ஒன்றும் பேசவில்லை, அது திட்டுவதைவிட மோசம்.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆளோடு 1,500 கிலோ உள்ள வண்டியை நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக, காற்றுத் தடை மாதிரி விரயங்களை விட்டுவிட்டால், தேவைப்படுவது 0.16 யூனிட்தான், வீட்டு ஏசி பத்து நிமிடம் ஓடும் கரண்ட். அளவு பிரச்சினையே இல்லை. அதை ஒன்பது வினாடியில் கொட்ட வேண்டும் என்பதுதான் பிரச்சினை, சராசரியாக 64 கிலோவாட். பேட்டரி அதைக் கொட்டத் தயாராக இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என்னுடையது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. சார்ஜ் பெரும்பகுதி தீரும்வரை செல்லின் வோல்டேஜ் பெரிதாக இறங்காது, அடிமட்டத்துக்கு வந்ததும் சடாரென்று சரியும். அந்த நேரத்தில் அதிக கரண்ட் இழுத்தால் செல் கெட்டுவிடும், அதனால் வண்டியே கையைக் கட்டிவிடுகிறது. குளிரிலும் இதே கதை. ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை வண்டியை எடுத்தால், பேட்டரி சூடாகும்வரை மந்தமாகத்தான் இருக்கும். அதுவும் நியாயம்தான்.

நியாயம் இல்லாதது வேறு. முதல் இரண்டு வருடம் இந்தக் கட்டுப்பாடு 10 சதவீதத்துக்குக் கீழேதான் வந்தது. ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு 20-லேயே ஆரம்பித்துவிட்டது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. பவர் குறைக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்க மீட்டரில் ஆமைப் படம் ஒன்று உண்டு, அது வருவதோ 5 சதவீதத்தில். இடைப்பட்ட 15 சதவீதத்தில் நான் ஆமையா முயலா என்பதை மிதித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "பேட்டரி சேஃப்டிக்கு சார்" என்றார்கள். பேட்டரிக்கு சேஃப்டி, எனக்கு?

நெடுஞ்சாலையில் இது இன்னும் உறைக்கும். 40 வரை பாயும் வண்டி 90-க்கு மேல் முழு சார்ஜிலேயே கொஞ்சம் அடங்கிவிடும், ஒரே கியர், வேகம் ஏற ஏற மோட்டார் தானே எதிர் வோல்டேஜ் உண்டாக்குவதால் இழுவை குறைகிறது. அதோடு சார்ஜும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். பலரும் நினைப்பதுபோல ஏசி இதற்குக் காரணமில்லை. நல்ல வெயிலிலும் அது இரண்டு மூன்று கிலோவாட்தான் எடுக்கும்.

அப்புறம் டயர். 34,000 கிலோமீட்டரில் மாற்றினேன். கம்பெனியிலிருந்து வந்தவை ரேஞ்சுக்காக, அதாவது ஒரே சார்ஜில் அதிக தூரம் ஓடுவதற்காக வைத்த வழுக்கல் ரகம், மழையில் சிக்னலில் மிதித்தால் முன் சக்கரம் கீச்சென்று சுற்றும், உடனே வண்டி பவரைக் குறைத்துவிடும். மிதிக்கும்போது எடை பின்னால் போவதால் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏற்கெனவே குறைவு. பிடிப்புள்ள டயர் போட்ட பிறகு 60 வரை எடுக்கும் விதமே மாறிவிட்டது, மோட்டாரில் யாரும் கை வைக்கவில்லை. ரேஞ்சில் 12 கிலோமீட்டர் போனது, போகட்டும்.

மச்சினனிடம் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? அவிநாசி சம்பவத்துக்கு மறுநாள் கேட்டான், "பேசாமல் பெட்ரோலே எடுத்துக்கோடா" என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு ஊட்டி போகிறோம், குன்னூர் வரைக்கும் அவன்தான் ஓட்டப்போகிறான். இப்போதுதான் பிளக் போட்டுவிட்டு வந்தேன், விடியும்போது நூறு காட்டும்.