கூலன்ட் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? ஊற்றி ஓட்டுவதா, சென்சார் மாற்றுவதா, பிரஷர் டெஸ்டா

எங்கள் பெங்களூர் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்டிலிருந்து ரோட்டுக்கு ஏற நல்ல செங்குத்தான சரிவு ஒன்று இருக்கிறது. காலையில் வண்டி அதில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது டேஷ்போர்டில் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) குறைவு விளக்கு எரியும், சில்க் போர்டு சிக்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிடும், சாயங்காலம் திரும்பும்போது எட்டியே பார்க்காது. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஆபீஸ் நண்பர் "கொஞ்சம் ஊத்திட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல் "சென்சார் போயிருக்கும் சார்" என்றார்கள். சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் மட்டும், கசிவு இருக்கிறதா என்று காட்டும் பிரஷர் டெஸ்ட் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள் என்றார். மூன்றையும் இதே வரிசையில் செய்து பார்த்தவன் என்பதால், எதற்கு எப்போது காசு கொடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் எந்த விளக்கு என்று பாருங்கள். பல சின்ன கார்களில் கூலன்ட் அளவைப் பார்க்கும் சென்சாரே கிடையாது. அவற்றில் நீலமாகவும் சிவப்பாகவும் எரிவது சூட்டுக்கான விளக்கு. நீலம் என்றால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, சிவப்பு என்றால் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. சிவப்பு வந்தால் அலசல் எல்லாம் அப்புறம், உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். இங்கே நான் பேசுவது பானெட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டேங்கில் மட்டம் இறங்கினால் எரிகிற விளக்கைப் பற்றி மட்டும்தான்.

ஊற்றிவிட்டு ஓட்டுவதில் செலவு குறைவு, அதனால்தான் எல்லோரும் முதலில் அதைச் செய்கிறோம். நன்றாக மூடியிருக்கிற சிஸ்டத்தில் கூலன்ட் மாதாமாதம் குறையவே கூடாது என்பதை மறந்துவிடுகிறோம். இன்னொரு சிக்கல், அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது. பெங்களூரில் நிறைய அப்பார்ட்மென்ட்களில் வருவது போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். தண்ணீர் சேரச் சேர கூலன்டின் வீரியமும் குறையும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் ஓடுவது கிட்டத்தட்ட அதே சூட்டில். பாதிக்குப் பாதி கலந்த கூலன்டும் மூடி பிடித்து வைக்கிற அழுத்தமும்தான் அதைக் கொதிக்காமல் காப்பாற்றுகின்றன. கலரைப் பார்த்து வாங்கி ஊற்றுவதும் தப்பு, பச்சையோ பிங்க்கோ அது வெறும் சாயம், வண்டியின் மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஆனால் ஊற்றுவதை வைத்தியமாக நினைக்காமல் அளவெடுப்பதாக நினைத்தால் அதைவிட நல்ல பரிசோதனை இல்லை. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்தி, டேங்கின் வெளியே கூலன்ட் மட்டத்துக்கு நேராக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். என் வண்டியில் பன்னிரண்டு நாளில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியது. மேட்டில் ஏறும்போது எரிந்ததற்கும், சூடானதும் அணைந்ததற்கும் காரணம் அதுதான். மட்டம் சென்சாரின் எல்லையில் நின்றுகொண்டிருந்தது, வண்டி சாய்ந்தால் கூலன்ட் ஒரு பக்கம் ஒதுங்கி விளக்கு எரிகிறது, சூடேறினால் விரிந்து மேலே வந்து அணைகிறது. ஆறு லிட்டர் பிடிக்கிற சிஸ்டத்தில் அந்த விரிவு ஏறக்குறைய கால் லிட்டர் இருக்கும் என்பதால் சென்சாரை ஏமாற்ற அது தாராளமாகப் போதும்.

கோடு போடுவதற்கு முன்பே நான் சென்சாரை மாற்றிவிட்டேன் என்பதுதான் வருத்தம். ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக் கொடுத்தார்கள், விளக்கு மூன்று வாரம் வரவில்லை, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். நாலாவது வாரம் அதே சரிவு, அதே விளக்கு. பில்லை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: சென்சாருக்குக் கீழே இன்னொரு வரியில் "கூலன்ட் டாப்-அப்" என்று இருந்தது. அந்த மூன்று வாரமும் விளக்கை அணைத்து வைத்திருந்தது புதுச் சென்சார் இல்லை, கூடவே ஊற்றிய கூலன்ட். அதனால் சென்சாரை மாற்றியதும் விளக்கு போய்விட்டது என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் கூலன்டும் ஊற்றினார்களா என்று கேளுங்கள்.

சென்சார் பழுதாகவே ஆகாது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, டேங்குக்குள் காந்தம் வைத்த மிதவை. அழுக்கு சேர்ந்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். விளக்கு எரியும்போது ஸ்க்ரூடிரைவரின் பிடியால் டேங்கை லேசாகத் தட்டினால் அணைகிறது என்றால் மிதவைமேல் சந்தேகப்படலாம். இன்னொன்று, கூலன்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகக் கம்பிகள், நடுவில் மின்சாரம் பாய்கிறதா என்று பார்ப்பவை. கம்பிமேல் படிவு ஏறினால் டேங்க் நிரம்பியிருந்தாலும் குறைவு என்று காட்டும். சில வண்டிகளில் இந்தக் கம்பிகள் டேங்கோடு சேர்ந்தே வருவதால் டேங்கையே மாற்ற வேண்டிவரும். எதுவானாலும் மாற்றுவதற்கு முன் சென்சாரின் வயர் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும். இன்ஜினை ஓடவிட்டு அந்த வயரை மெல்ல அசைக்கும்போது விளக்கு எரிந்து அணைந்தால் கோளாறு அங்கேதான். மார்க்கர் கோட்டைவிட்டு மட்டம் அசையவே இல்லை, விளக்கு மட்டும் நினைத்த நேரத்தில் வருகிறது என்றால் தயங்காமல் சென்சாருக்குச் செலவு செய்யுங்கள். ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் பார்ட் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், டேங்க் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சென்சார் மாறும்.

மட்டம் இறங்கினால் பிரஷர் டெஸ்ட்தான். ஆறிய இன்ஜினில் டேங்க் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரைக்கும் அடிப்பார்கள். என் மூடியில் 1.4 (பார் கணக்கில்) என்று இருந்தது. பாய் அதுவரை அடித்துவிட்டு டீ சொல்லிவிட்டு வந்தார், கால் மணி நேரத்தில் முள் 1.1-க்கு இறங்கியிருந்தது. "பாத்தீங்களா சார், தண்ணி எங்கயோ போகுது. போற இடத்தப் பாக்காம சென்சார மாத்தி என்ன பண்றது?" அடித்தட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். வாட்டர் பம்புக்குக் கீழே, சின்னத் துளையிலிருந்து வழிந்து காய்ந்த கோடு, ஓரத்தில் கல்லுப்பு மாதிரி பிங்க் பொருக்கு. தரையில் ஒரு சொட்டுகூட விழாததற்குக் காரணம் அந்த அடித்தட்டு. சொட்டியதெல்லாம் அதன்மேல் விழுந்து சூட்டில் காய்ந்திருக்கிறது. பம்பின் சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுக்கத்தான் அந்தத் துளையே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க யாரும் வண்டிக்கு அடியில் போகவில்லை.

இந்த டெஸ்டுக்கும் எல்லை உண்டு. மூடியைக் கழற்றிவிட்டுப் பம்பை மாட்டுவதால் மூடி சரியாக இருக்கிறதா என்று இது சொல்லாது, அதை அடாப்டர் போட்டுத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கூலன்ட் ஆவியாக அதன் வழியே போய்விடும், தடயமே இருக்காது, மூடி விலையும் பெரிதில்லை. காருக்குள் இனிப்பாக ஒரு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, முன்சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரம் இருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது. வெளியே எங்கேயும் கசிவு இல்லை, ஆனால் மட்டம் இறங்குகிறது, சைலன்சரில் நிற்காமல் வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகத்துக்கும் நடுவிலுள்ள சீல்) சந்தேகம். அதற்கு டேங்க் வாயில் நீலத் திரவம் வைத்துப் பார்க்கிற வேறொரு டெஸ்ட் இருக்கிறது, எரிந்த வாயு கலந்தால் நிறம் மாறும். கசிவை அடைக்கும் லிக்விட் ஊற்றுவதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஓட்டையை அடைக்கிற அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

ஊருக்குப் போக நாள் நெருங்கிவிட்டது, டெஸ்டுக்கு நேரமில்லை என்றால் குறைந்தது இதையாவது செய்யுங்கள். ஆறிய இன்ஜினில் மேல் கோடு வரை சரியான கூலன்டை நிரப்பி, கலந்த கூலன்ட் இரண்டு லிட்டர் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி தாண்டி எங்கேயாவது சாப்பிட நிறுத்தினால், இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாமல் வெளியிலிருந்தே மட்டத்தைப் பாருங்கள். சேலம் பக்கம் போகும்போது தொப்பூர் மலைப்பாதை இறக்கம், இன்ஜினுக்குச் சுமையில்லை. திரும்பும்போது அதே தொப்பூரில் குடும்பமும் அரிசி மூட்டையுமாக ஏற வேண்டும். அதனால் ஊரிலிருந்து கிளம்புகிற காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, இன்னொரு முறை அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சாவியைப் போடுங்கள்.