மண்புழுவா, மாவு உருண்டையா?

தாமிரபரணியில் தூண்டில் போட்டால், கெளுத்தி மீனுக்கு இரையாக மண்புழுதான் சரி. வாழைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் கிளறினால் காசில்லாமல் கிடைக்கும். முள் முனை தெரியாமல் கோர்த்து அடிமண் வரை இறக்குங்கள். கெளுத்தி அங்கேதான் மேயும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. கழற்றும்போது கவனம்! அதன் பக்கமுள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

கெண்டை, ஜிலேபி மீன்களுக்குக் கோதுமை மாவு. கெட்டியாகப் பிசைந்து துளி பஞ்சு சேர்த்தால் சீக்கிரம் கரையாது. ஆனாலும் பொடிமீன் கொத்தியே தீர்த்துவிடும்.

ஐப்பசி மழைக்கு ஆறு கலங்கினால் புழு, கோடையில் தெளிந்து ஓடினால் மாவு. விராலுக்கு இரண்டும் அவ்வளவு எடுபடாது, தவளைக்குஞ்சு வேண்டும்.

என் ஓட்டு புழுவுக்கு. மாவு கேட்டால் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.