ஈய அங்கியா, எட்டி நிற்பதா? அறுவை அரங்குச் செவிலியரின் கதிர்வீச்சுக் காப்பு

அறுவையின்போதே உடலின் உட்படத்தைக் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்-ரே கருவி அறுவை அரங்குக்குள் வந்ததும் செவிலியர் ஈய அங்கியைத் தேடி மாட்டிக்கொள்கிறார்; மாட்டியபின் கதிர்வீச்சைப் பற்றிய நினைப்பே பலருக்கு விட்டுப்போகிறது. பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் அங்கியோடு நின்றுவிடுவதால், எட்டி நிற்பதன் பலனை எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அங்கியின் பலத்தில் ஐயமில்லை. 0.5 மி.மீ. ஈயத்துக்கு நிகரான அங்கி, நோயாளியின் உடலில் பட்டுச் சிதறிவரும் கதிர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலாகத் தடுத்துவிடும். ஆனால் அது மூடிய இடத்தை மட்டுமே காக்கும். முன்பக்கம் மட்டும் மூடும் அங்கியோடு ஒருவர் தையல் நூல் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பும்போது மருத்துவர் கால் சுவிட்சை அழுத்தினால், காப்பில்லாத முதுகில்தான் கதிர் படும். முதுகையும் சுற்றி மூடும் மேற்சட்டை, பாவாடை இணை இந்தக் குறையைப் போக்குவதோடு, தோளில் இறங்கும் சுமையில் ஒரு பகுதியை இடுப்புக்கு மாற்றுகிறது. அரங்கில் நடமாடிப் பொருள்களை எடுத்துத் தரும் செவிலியருக்கு (சர்குலேட்டிங் செவிலியர்) அதையே நான் பரிந்துரைப்பேன். மடித்துப் போட்டு வைக்கும் அங்கியின் உள்ளே விழும் விரிசல் வெளித்துணியில் தெரியாது என்பதால், அதைத் தொங்கவிட்டே வைக்க வேண்டும்.

தொலைவுக்கு விரிசலும் இல்லை, சுமையும் இல்லை. நோயாளியிடமிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் அவர்மேல் படும் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவும், 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைகிறது. அங்கி மூடாத கண்ணுக்கும் கைக்கும் இதே காப்பு கிடைக்கிறது. கண்வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (கதிர்வீச்சு அளவின் அலகு) 20 ஆக (5 ஆண்டுச் சராசரி) குறைக்குமாறு பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் பரிந்துரைத்ததை நினைத்தால், இது சிறிய ஆதாயம் அன்று.

எனவே சர்குலேட்டிங் செவிலியருக்குத் தொலைவே முதல் காப்பு, அங்கி அதற்குத் துணை. ஸ்கிரப் செவிலியரின் நிலை வேறு: கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் மேசையை விட்டு 3 மீட்டர் விலக முடியாது. அவருக்கு அங்கியும் தைராய்டு கழுத்துப்பட்டையும் கட்டாயம். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது கதிரை உமிழும் எக்ஸ்-ரே குழாய் இருக்கும் பக்கத்தில்தான் சிதறல் மிகுதி. ஆகவே எதிர்ப்பக்கம் நிற்க இயலுமா என்று அறுவை தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். மருத்துவரும் சுவிட்சை அழுத்துமுன் "எக்ஸ்-ரே" என்று உரக்கச் சொன்னால், ஸ்கிரப் செவிலியருக்கும் ஓரடியாவது பின்வாங்க நேரம் கிடைக்கும்.